கேள்வி நேரம்: கணினி அடிக்கும் எச்சரிக்கை மணி

கேள்வி: ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே நோய்ப் பரவலைச் சுகாதாரத் துறையின் கணினி கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: எல்லாம் எண்ணிக்கைதான். அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளி சொல்லும் முதல் தொந்தரவைப் பதிவு செய்கிறார்கள் அல்லவா? பெயரை நீக்கிவிட்டு, வயது, பகுதி, தேதியோடு அது துறைக்குப் போகிறது. அங்கே ஒரு நிரல் சொற்களைப் பார்த்து வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று வகை பிரிக்கும். ‘காய்ச்சல் இல்லை’ என்று எழுதியதையும் காய்ச்சலில் சேர்த்துவிடும் கூத்து இங்கேதான் நடக்கும்.

அடுத்து ஒப்பீடு. ஒரு பகுதியில் 7 நாள் வயிற்றுப்போக்குக் கணக்கு 5, 6, 4, 7, 5, 6, 2 என்று வையுங்கள். சராசரி 5, திட்ட விலக்கம் (தினசரிக் கணக்கு சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) ஏறக்குறைய 1.6. சராசரியோடு மூன்று மடங்கு விலக்கத்தைக் கூட்டினால் 9.9. இன்று 10 பேர் வந்தால் மணி அடிக்கும். அந்த 7 நாளை நேற்றோடு முடிக்காமல், நடுவில் 2 நாள் விட்டுக் கணக்கிடுவது நல்லது. நோய் மெல்ல ஏறும்போது நேற்றைய நோயாளிகளே சராசரியை உயர்த்தி, இன்றைய ஏற்றத்தை மறைத்துவிடுவார்கள். ஏழு நாளும் பூஜ்யமாக இருந்தால் விலக்கமும் பூஜ்யம். ஒருவர் வந்தாலே மணி அலறும். அதற்காக விலக்கத்துக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வைப்பார்கள்.

காலரா, போலியோ போன்றவற்றுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். சந்தேகத்துக்குரிய ஒருவர் போதும்.

கேள்வி: மணி அடித்ததும் அறிவித்துவிடுவார்களா?

பதில்: அவசரப்பட்டால் மானம் போகும். முதலில் தரவைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஞாயிறு விடுமுறைக்குச் சேர்த்துத் திங்களன்று கூட்டம் வந்ததா, ஒரே நோயாளி இரண்டு முறை பதிவானாரா, தேங்கிய அறிக்கைகள் மொத்தமாக வந்தனவா? பிறகு மருத்துவமனைக்குத் தொலைபேசி. நோயாளிகளின் வயது, இடம், அறிகுறி தொடங்கிய நாள் கொண்ட பட்டியல். மல மாதிரி, குடிநீர் மாதிரி. வரைபடம் போடும்போது அறிக்கை வந்த நாளை வைத்தால் ஏமாறுவோம். அறிகுறி தொடங்கிய நாளே கணக்கு.

மணி அடிக்காததையும் நம்பக் கூடாது. அறிக்கையே அனுப்பாத மருத்துவமனை, நோயாளியே இல்லாத மருத்துவமனை போலத்தான் திரையில் தெரியும். ஆகவே யாரும் வராத நாளிலும் ‘0’ என்று அனுப்பச் சொல்ல வேண்டும்.

கேள்வி: இணையத் தேடலை வைத்தே கண்டுபிடிக்கலாமே?

பதில்: கூகுள் 2008-ல் ஃப்ளூவுக்கு அதைச் செய்து பார்த்தது. 2012–13 பருவத்தில் அமெரிக்காவில் உண்மை நிலவரத்தைவிட மிக அதிகமாகக் காட்டியது. 2015-ல் சேவை நின்றது. நோயாளி மட்டுமா தேடுகிறார், செய்தி பார்த்துப் பயந்தவரும்தான்.