பிடிக்காரரும் வாத்தியாரும்

அன்புள்ள அண்ணனுக்கு,

தொண்டிப் பக்கமிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் கபடி அணிக்கு இருபது வருஷமாக ஒரு பெரியவர்தான் பயிற்சி கொடுக்கிறார். மாநில அணியில் ஆடிப் பேர் வாங்கிய எங்கள் ஊர்க்காரர் இப்போது ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். சம்பளம் பேசி அவரையே கோச்சாகப் போடலாம் என்கிறது கமிட்டி. இதுவரை அவர் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் பிரெஞ்சுக் கால்பந்து நட்சத்திரம் ஜிடேன் நேராகக் கோச்சாக வந்து மூன்று முறை ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஜெயிக்கவில்லையா? என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) தரும் பயிற்சியாளர் சான்றிதழ் அவசியமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சான்றிதழ் இருந்தால் நல்லது, ஊர் அணிக்கு அது ஒரு விஷயமே இல்லை, விடுங்கள்.

ஜிடேன் நேராக வந்தார் என்று யார் சொன்னது? 2006இல் ஆட்டத்தை விட்டவர் 2016 ஜனவரியில்தான் ரியல் மாட்ரிட்டின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அதற்கு முன் ஒரு சீசன் அங்கே அப்போது பயிற்சியாளராக இருந்த ஆன்சலோட்டிக்கு உதவியாளர், அப்புறம் கிளப்பின் இரண்டாம் அணியை வைத்துக்கொண்டு மூன்றாம் டிவிஷனில் மல்லுக்கட்டல். இதையெல்லாம் தாண்டிக் கோப்பை மட்டும் உங்கள் கண்ணில் படுகிறது. மரடோனா படவில்லை. பயிற்சியாளராகச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யாதவரிடம் அர்ஜென்டினாவைக் கொடுத்தார்கள், 2010 உலகக் கோப்பை காலிறுதியில் ஜெர்மனியிடம் 0-4. மெஸ்ஸி அணியில் இருந்தார், அந்தத் தொடரில் அவருக்கு ஒரு கோல்கூட இல்லை.

சரி, நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், பையன்கள் ஊரில் இருப்பார்கள், கடற்கரை முழுக்கப் போட்டி நடக்கும். அப்படி மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு ஆட்டம் பார்த்தேன். கோட்டுக்கு வெளியே ஒரு முன்னாள் நட்சத்திரம் ‘பிடிடா, பிடிடா’ என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தார். பிடிக்கத் தெரிந்தால் அந்தப் பையன் பிடிக்க மாட்டானா?

தேவிபட்டினத்தில் நான் கார்னரில், அதாவது கோட்டின் ஓரத்தில் பிடிக்க நின்ற காலத்தில் எனக்குக் கால்பிடி வரவே வராது. பாய்வேன், கையில் மணல்தான் மிஞ்சும். எங்கள் அணியில் பெரிய பிடிக்காரர் ஒருவர் இருந்தார். கேட்டால் ‘வருவான், பிடிக்கணும், அவ்வளவுதான்’ என்பார். கர்வம் இல்லை தம்பி, அவருக்கு உண்மையிலேயே அவ்வளவுதான். ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த இன்னொருவர் தினமும் வந்து கோட்டோரம் குந்தியிருப்பார், நாங்கள் சித்தப்பா என்போம், ஆட்டத்தில் சுமார்தான். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். ‘நீ அவன் மூஞ்சியப் பாக்குற. மூஞ்சி ஏமாத்தும்டா. எந்தக் கால்ல எடை விழுதுன்னு பாரு. ஊனுன காலைப் பிடி, தூக்குன காலுக்குப் பாயாத.’ அப்புறம் ‘கபடி கபடி’ என்று பாடி வருபவனை ஈர மணலில் மெதுவாக நடக்கவிட்டார். நான் தொடக்கூடாது, எடை மாறும்போது ‘வலது’, ‘இடது’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், அவ்வளவே. பல சாயங்காலம் இதுதான் நடந்தது, ஊரே சிரித்தது. அதற்கப்புறம் கையில் கால் சிக்க ஆரம்பித்தது.

தனக்கு வராததை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தவர் அவர். பிடிக்காரருக்கு அந்தத் தேவையே வந்ததில்லை. உடனே பேட்மிண்டன் கோபிசந்த்தைக் காட்டாதீர்கள். 2001இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றவர்தான், சாய்னாவையும் சிந்துவையும் உருவாக்கியவர்தான். ஆனால் அவர் முழங்கால் நைந்து, அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபடி உழைத்து மேலே வந்தவர். பெரிய ஆட்டக்காரருக்குச் சொல்லித்தர வராது என்று நான் சொல்லவில்லை. ஆட வந்ததாலேயே அதுவும் வந்துவிடும் என்ற நினைப்பைத்தான் திட்டுகிறேன்.

கபடிக்காரர்தானே நீங்கள்? 2018 ஆசிய விளையாட்டில் இந்தியப் பெண்களை ஈரான் இறுதியில் தோற்கடித்ததே, அந்த ஈரான் அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? நாசிக்கைச் சேர்ந்த சைலஜா ஜெயின். ஜிடேனைத் தெரிந்த அளவுக்கு அவரைத் தெரியாதது உங்கள் குற்றம் மட்டுமில்லை, இருந்தாலும் கோபம் வருகிறது.

உங்கள் ஊர்க்காரரை விரட்ட வேண்டாம். பாடிப் போகிற பையன்களை வாரம் இரண்டு நாள் அவரிடம் விடுங்கள், அவர் பாடிக் காட்டட்டும், எங்கே தப்பு என்று பெரியவர் சொல்லட்டும். ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் கமிட்டி கூடலாம். அதற்குள் ஒன்றை விசாரித்து எழுதுங்கள். வந்தவருக்குச் சம்பளம் பேசுகிறீர்களே, இருபது வருஷமாகப் பெரியவருக்கு என்ன கொடுத்தீர்கள்?