முதலில் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள்: மின்சாரக் கார் கேள்வி பதில்

திருச்சியில் இருக்கிறேன். 40 யூனிட் பேட்டரி உள்ள மின்சாரக் கார் மூன்றாவது வருடமாக ஓடுகிறது, 50,000 கி.மீ. தாண்டியாயிற்று. கார் வாங்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பேட்டரி அளவாக ‘கிலோவாட் அவர்’ என்று எழுதியிருப்பது வேறொன்றுமில்லை, நம் ஈபி பில்லில் வருகிற அதே யூனிட்தான்.

தஞ்சாவூரிலிருந்து: அண்ணா, 585 கி.மீ. போகும் என்கிறார்கள். உண்மையில் எவ்வளவு போகும்?

நீங்கள் சொல்வது டாடா கர்வ் 55 யூனிட் மாடல் என்று நினைக்கிறேன். 585 என்பது சோதனைக்கூடத்துக் கணக்கு. அதே காருக்கு நிஜ ரோட்டில் 400 முதல் 425 வரை எதிர்பார்க்கலாம் என்று டாடாவே தனியாகச் சொல்கிறது. எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் நான் பார்ப்பது பேட்டரி எத்தனை யூனிட் என்பதை மட்டும்தான். ஊருக்குள் யூனிட்டுக்கு 7 கி.மீ., நான்குவழிச் சாலையில் 90-ல் போனால் ஆறரை என்று பெருக்கிக்கொள்ளுங்கள். 110-ல் மிதித்தால் ஐந்து சொச்சம்தான். வேகம் கூடக் கூட காற்றின் எதிர்ப்பு அதன் வர்க்கத்தில் ஏறும். 80-ஐ விட 110-ல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏசியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது மணிக்கு ஒரு யூனிட், ஒன்றரை யூனிட் சமாச்சாரம்.

கரூரிலிருந்து: வீட்டில் சாதா பிளக்கில் போட்டால் போதுமா, தனி சார்ஜர் வேண்டுமா?

போதும். ஆனால் எந்த பிளக் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கார் வந்த முதல் மாதம் போர்ட்டிகோவில் இருந்த பழைய 15 ஆம்ப் பாயின்ட்டில் செருகிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பிளக்கை உருவப் போனால் கை வைக்க முடியவில்லை. கருகல் வாசனை, சாக்கெட்டின் ஒரு ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம். எலெக்ட்ரீஷியன் கழற்றிக் காட்டினார்: உள்ளே திருகு தளர்ந்திருந்தது, ஒயரும் மெல்லிசு. அயர்ன் பாக்ஸுக்குப் பத்து நிமிடம் தாங்குகிற பாயின்ட், மூன்று கிலோவாட்டை இரவு முழுக்கத் தாங்காது.

ஆகவே மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், தனி எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் அணைக்கும் சுவிட்ச்), ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் துண்டிப்பது), கனமான இண்டஸ்ட்ரியல் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. எர்த் சரியில்லை என்றால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். பாதிப் பேர் இதைத்தான் கார் கோளாறு என்று சர்வீஸுக்கு எடுத்துப் போகிறார்கள். வெயில் காலத்தில் எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிட்ட வீடுகளும் உண்டு.

இந்த பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் ஏறும். தினம் 60 கி.மீ. ஓட்டுபவருக்கு மூன்று, மூன்றரை மணி நேரம். 7.2 கிலோவாட் சார்ஜர் இருந்தால் வசதிதான், அவசியம் இல்லை.

சென்னை வேளச்சேரியிலிருந்து: அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் விடமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே பார்க்கிங்குக்கு லைன் இழுக்கக் கேளுங்கள். வீட்டில் இருக்கிற இணைப்பிலேயே கார் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் சட்டம் பேசாமல் செக்ரெட்டரியோடு ஒரு காபி குடித்துப் பேசுங்கள். வேளச்சேரி என்பதால் இன்னொன்று: சாக்கெட்டை இடுப்புயரத்துக்கு மேலேயே வையுங்கள். 2015 வெள்ளமும் மிக்ஜாம் புயலும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரி ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். இரவெல்லாம் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்.

அவரே: ஈபி பில் எகிறுமா?

எகிறும், கணக்காக. இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டினால் மேற்கொண்டு யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 1000 தாண்டினால் 11-க்கு மேல். இரண்டு மாதத்தில் வீட்டுக்கு 400 யூனிட் ஆகிறது, மாதம் 1,200 கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். சார்ஜிங்கில் வீணாவதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்குக் காருக்கு 380 யூனிட். பில் 3,500 ரூபாய் வாக்கில் கூடும். அதே 2,400 கி.மீ.-க்குப் பெட்ரோல் 16,000. ஆனால் ரோட்டோர ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பினால் யூனிட் 20 ரூபாய்க்கு மேலும் போகும், லாபம் கணிசமாகக் கரைந்துவிடும்.

கோயம்புத்தூரிலிருந்து: சார், ஊட்டி ஏறுமா?

ஜம்மென்று ஏறும். மேட்டுப்பாளையம் வரை 5 யூனிட். அங்கிருந்து 1,900 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,700 கிலோ வண்டியைத் தூக்க மட்டும் 9 யூனிட், ரோட்டில் உருள இன்னொரு 7. ஊட்டி போய்ச் சேரும்போது என் பேட்டரியில் பாதி காலி. பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். இறங்கும்போது வேடிக்கையைப் பாருங்கள்: குன்னூரில் என்ன சதவீதம் இருந்ததோ அதே சதவீதம் மேட்டுப்பாளையத்திலும் இருக்கும், சில நாள் ஒன்றிரண்டு கூடியும் இருக்கும். மோட்டாரே ஜெனரேட்டராகிவிடுகிறது. ஒரே எச்சரிக்கை, ஊட்டி ஓட்டலில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பின பேட்டரியில் திரும்ப ஏற்ற இடம் இருக்காது, மோட்டார் பிடிக்காமல் பாரமெல்லாம் பிரேக்கில் விழும். 85 போதும்.

சென்னை அம்பத்தூரிலிருந்து: தீபாவளிக்குத் திருச்சி வர முடியுமா?

மற்ற நாளில் கேட்டால் யோசிக்காமல் சரி என்பேன். 330 கி.மீ., விழுப்புரம் பக்கம் ஒரு நிறுத்தம். 20-லிருந்து 80 சதவீதத்துக்கு ஐம்பது நிமிடம், நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கிற நேரம். சார்ஜர் பலகையில் 60 கிலோவாட் என்று போட்டிருந்தாலும் அதன் இரண்டு கன்னிலும் (காரில் செருகும் கைப்பிடி) கார் நின்றால் ஆளுக்கு 30 தான். தீபாவளிக்கு முந்தின நாள் என்றால் வரிசை நிற்கும். போன வருடம் எனக்கு முன்னால் நின்றவர் 80 தாண்டியும் எடுக்கவில்லை. அதற்கு மேல் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும் என்று சொல்லியும் கேட்கவில்லை, 97-ல்தான் நகர்ந்தார். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். பிளக்‌ஷேர் என்ற சார்ஜிங் ஆப்பில் முந்தின நாள் யாராவது சார்ஜ் போட்டதாகப் பதிந்திருக்கிறார்களா பாருங்கள். அந்த இடம் வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்குப் போக 15 சதவீதமாவது கையில் இருக்கட்டும்.

நாகர்கோவிலிலிருந்து: கரன்ட் போனால் இன்வெர்ட்டரில் சார்ஜ் போடலாமா?

வேண்டாம், இன்வெர்ட்டர் தாங்காது. கரன்ட் வந்ததும் பெரும்பாலும் தானே மறுபடி ஏறத் தொடங்கும். காலையில் ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.