வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு வேறு உடல்நலக் கோளாறுகள் சேராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். இப்போது 43 வயது. அம்மா இருந்தவரை அவன் உடம்பைப் பற்றிய கணக்கு முழுக்க அம்மாவின் தலைக்குள்தான் இருந்தது. எத்தனை நாளாக வெளிக்குப் போகவில்லை, எந்தப் பக்கம் மெல்ல மறுக்கிறான், எல்லாம் தெரியும். எதையும் எழுதி வைக்கவில்லை. 5 வருடத்துக்கு முன் அம்மா போனதும் கணக்கும் போய்விட்டது.

அடுத்த வருடமே ஆள் மாறிப்போனான். கூப்பிட்டால் திரும்புவதில்லை, பகலெல்லாம் தூக்கம், குளிக்கச் சொன்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். அம்மா ஏக்கம் என்று நினைத்தோம். ஒரு டாக்டரோ, “இவங்களுக்கு 40 நெருங்கினா மறதி நோய் வரும்மா, பழகிக்கணும்” என்று அனுப்பிவிட்டார். அது முழுப் பொய்யும் இல்லை. 21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் அல்சைமர் என்ற மறதி நோய் இவர்களுக்குச் சீக்கிரமே வரக்கூடும். ஆனால் அவர் அவனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்துப் பார்த்த டாக்டர் எடுத்த எடுப்பில் காதுக்குள் லைட் அடித்தார். சொட்டு மருந்து விட்டு நாலு நாள் கழித்துப் போனோம். புளியங்கொட்டை மாதிரி கறுப்பாக ஒரு கட்டி வந்தது, இரண்டு காதிலும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் காதுத் துவாரம் குறுகல், அழுக்கு சீக்கிரம் அடைத்துக்கொள்ளுமாம். வெளியே வந்ததும் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்றும் தெரிந்தது. மாத்திரை தொடங்கிய சில மாதத்தில் பகல் தூக்கம் விட்டது.

அதனால் நான் சொல்வது இதுதான்: குணம் மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள். பல், காது, கண், மலச்சிக்கல், தைராய்டு, தூக்கம். இதையெல்லாம் பார்த்த பிறகு மனசுக்கும் மறதிக்கும் போகலாம்.

இப்போது எங்கள் வீட்டில் தினசரி காலண்டர்தான் கேஸ் ஷீட். வெளிக்குப் போனால் அவனே தேதித் தாளில் டிக் அடிப்பான். மூன்று நாள் டிக் இல்லையென்றால் நான் முழித்துக்கொள்வேன். பல் அவன் தேய்த்ததும், பின்னால் நின்று கண்ணாடியைப் பார்த்து நான் இன்னொரு தடவை தேய்த்துவிடுவேன். ஈறு நோய்க்கு இவர்கள் சுலபத்தில் இலக்கு. ராத்திரி குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வந்தாலோ, உட்கார்ந்தபடியே தூங்கினாலோ டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். எடைதான் பெரிய தலைவலி. வருகிற சொந்தக்காரர் எல்லாம் “பாவம் பிள்ளை” என்று லட்டு நீட்டுவார்கள். நான் கெட்ட பெயர் வாங்கியாகிவிட்டது, நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசிக்குப் பயமா? ரத்தம் எடுக்கும் லேபுக்கு இரண்டு தடவை சும்மா கூட்டிப்போனேன். நாற்காலியில் உட்கார்ந்தான், கையை நீட்டினான், டீ குடித்துவிட்டு வந்தோம். மூன்றாவது தடவைதான் ஊசி. இப்போது வருடத்துக்கு ஒரு முறை தைராய்டும் சர்க்கரையும் தகராறில்லாமல் பார்த்துவிடுகிறோம்.

பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) என்றால் கவனிக்க வேண்டியது வேறு. சாப்பிடும்போது புரையேறுவது, ஒரே இடத்தில் இருந்து படுக்கைப்புண் வருவது, மூட்டு இறுகுவது. அதில் எனக்கு அனுபவம் இல்லை, பிசியோதெரபிஸ்ட்டைக் கேளுங்கள்.

செலவுக்கு, மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை எதுவும் கிடையாது. பில்லை மட்டும் தொலைக்காதீர்கள். நான் ஒன்றைத் துணியோடு துவைத்துவிட்டு அழுதிருக்கிறேன்.