பதில்: ஒட்டுசுட்டானில் நாலு மாடு, மாரிச் சேறு, பால் வண்டிக்கு நேரம் போதேல்லை

வணக்கம். பால் வண்டி வருவதற்குள் கறந்து முடிக்க நேரம் போதவில்லை என்றும், நாலு மாட்டையும் முழுக்கக் கழுவிவிட்டுத்தான் கறக்கத் தொடங்குகிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நேரம் போவது அங்கேதான், பாலும் அங்கேதான் குறைகிறது. மடியைத் தொட்டுக் கழுவினால் ஒரு நிமிடத்துக்குள் மாடு சுரந்துவிடும். அந்தச் சுரப்பு ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் நிற்காது. நாலாவது மாட்டிடம் போகும்போது அது அடங்கியிருக்கும்.

ஆகவே ஒரு மாட்டைக் கழுவித் துடைத்து, உடனே கறந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மாரியில் உடம்பைக் கழுவவே வேண்டாம். முதுகில் ஊற்றிய தண்ணீர் அழுக்கோடு வடிந்து காம்புக்குத்தான் வரும், மடிநோயை வரவழைக்க அதைவிட நல்ல வழி இல்லை. காம்பையும் மடியின் அடியையும் மட்டும் கழுவி, மாட்டுக்கு ஒரு துணியாகத் துடையுங்கள்.

தவிடு, புண்ணாக்கை முதல் நாள் பின்னேரமே நாலு வாளியில் உலர்வாக அளந்து மூடி வையுங்கள். நனைத்து வைத்தால் புளிக்கும். கறந்த கையோடு வைக்கல் போடுங்கள். காம்புத் துவாரம் மூட அரை மணித்தியாலம் செல்லும், அதுவரை மாடு படுக்கக்கூடாது. அது தின்னும் நேரத்தில் சாணியைச் சவளால் அள்ளுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவுவது அதற்குப் பிறகுதான்.

வைக்கலைப் பனங்குத்தி அடுக்கி அதன்மேல் போட்டு, தறப்பாளால் மூடுங்கள். பூஞ்சணம் பிடித்ததைக் கொடுக்காதீர்கள்.

கொட்டில் வாசலில் அரை அடிக்குக் கிரவல் கொட்டினால் குளம்புச் சேறு குறையும். இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.