உப்பு பிஸ்கட் மேல் ஊற்றும் சாக்லேட் டாஃபி ஏன் பல்லில் ஒட்டுகிறது?

ஆறிய பிறகும் உடையாமல் ஜவ்வாக இழுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பாகு போதுமான சூட்டை எட்டாததுதான் காரணம். பாகில் தண்ணீர் மிஞ்சும்வரை இழுவைதான். 150 டிகிரி செல்சியஸை நெருங்கினால்தான் படக்கென உடையும் பதம் வரும்.

தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, உப்பு பிஸ்கட்டுகளை நெருக்கமாக அடுக்குங்கள். 225 கிராம் வெண்ணெயையும் 200 கிராம் பழுப்புச் சர்க்கரையையும் மிதமான தீயில் உருக்கி, கொதி வந்ததும் 3 நிமிடம் விடாமல் கிளறுங்கள். தீயைக் கூட்டினால் வெண்ணெய் பிரிந்து எண்ணெயாக மிதக்கும். இதற்கு அவசரம் ஆகவே ஆகாது. பிஸ்கட் மேல் ஊற்றி, 175 டிகிரி அவனில் 8 முதல் 10 நிமிடம் வையுங்கள். மீதித் தண்ணீர் போவது இங்கேதான், அதனால் பரப்பு முழுக்கக் குமிழிடும்வரை எடுக்காதீர்கள். உங்களுக்குத் தவறியது இந்த இடமாகத்தான் இருக்கும்.

எடுத்த சூட்டோடு சாக்லேட் துண்டுகளைத் தூவி, 5 நிமிடம் கழித்துக் கரண்டியால் தடவுங்கள். தனியாக உருக்கத் தேவையில்லை. இனிப்பு பிஸ்கட் வேண்டாம், திகட்டிவிடும். உப்புதான் இதன் உயிர். நன்றாக ஆறி, சாக்லேட் இறுகியதும் உடைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். வெளியில் விட்டால் சர்க்கரை ஈரத்தை இழுத்து மறுபடியும் பிசுபிசுக்கும்.