வெளிக்கும் அணு உண்டா?

அன்புள்ள ஐயா,

இயற்பியலாளர் தாணு பத்மநாபன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஈர்ப்பு அடிப்படை விசையே அல்ல, வெப்பம் மாதிரி ஒன்று என்கிறீர்கள். நான் பொறியியல் படித்தவன். என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) என்றால் எனக்கு நீராவி எஞ்சின்தான். வெற்று வெளியில் அது எப்படி வரும்? அண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் கரும் ஆற்றலும் வெப்பம்தானா? சோதிக்க முடியாத இதை இயற்பியல் என்பதா, தத்துவம் என்பதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எஞ்சினை விட்டுவிடாதீர்கள், அதுதான் வழி. அணுவை யாரும் பார்த்திராத காலத்தில், ஒரு பொருள் சூடாகிறதென்றால் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள உள்ளே நுண்துகள்கள் இருந்தாக வேண்டும் என்று போல்ட்ஸ்மன் வாதிட்டார். பத்மநாபன் அதையே வெளிக்குப் பொருத்தினார். கருந்துளைக்கு என்ட்ரோபி உண்டென்று பெக்கன்ஸ்டைனும், வெப்பநிலையும் உண்டென்று 1974இல் ஹாக்கிங்கும் சொல்லியிருந்தார்கள். கருந்துளைகூட வேண்டாம், முடுக்கத்தோடு செல்பவருக்கு வெற்றிடமே சூடாகத் தெரியும். (ஒரே ஒரு கெல்வின் சூட்டுக்குப் புவியின் ஈர்ப்பு முடுக்கத்தைப் போல 2.5 கோடி கோடி லட்சம் மடங்கு வேண்டும். முயற்சி செய்யாதீர்கள்.) வெளி சூடாகிறதென்றால் அதற்கும் 'அணுக்கள்' இருக்க வேண்டுமல்லவா? 2002இல் பத்மநாபன் காட்டியது இது: கருந்துளையின் எல்லையருகே ஐன்ஸ்டைனின் சமன்பாடு, நீங்கள் எஞ்சினுக்கு எழுதிய வெப்ப இயக்கவியல் விதியாகவே மாறிவிடுகிறது.

கரும் ஆற்றல் வெப்பம் அல்ல. அது வரும் இடம் வேறு, எனக்கு மிகப் பிடித்த இடமும் அதுதான். மாடியிலிருந்து விழும் பந்தின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்தாலும் கிணற்றின் அடியிலிருந்து அளந்தாலும் அது விழும் வேகம் ஒன்றே. ஆற்றலின் பூஜ்யத்தை எங்கே வைத்தாலும் இயற்கை பொருட்படுத்துவதில்லை. ஈர்ப்பு மட்டும் விதிவிலக்கு. மொத்த ஆற்றலுக்கும் அது கணக்குக் கேட்கிறது. அதனால் வெற்றிடத்தின் ஆற்றலையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. எளிய மதிப்பீட்டில் அது, 1998இல் மீயொளிர் விண்மீன்களை (சூப்பர்நோவா) வைத்துக் கண்ட கரும் ஆற்றலைவிடச் சுமார் 10இன் 120ஆம் அடுக்கு மடங்கு பெரிதாக வந்து நிற்கிறது. பலரும் அந்த எண்ணை அடித்துக் குறைக்க வழி தேடினார்கள். பத்மநாபன், ஈர்ப்புக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று கேட்டார். ஈர்ப்பும் பூஜ்யத்தைப் பொருட்படுத்தாதபடி அடித்தளத்தை மாற்றி எழுதினார். அப்போது கரும் ஆற்றலைக் குறிக்கும் அண்டவியல் மாறிலி, தொகையீடு (இன்டெக்ரேஷன்) செய்யும்போது நாம் கடைசியில் போடுவோமே, அந்த மாறிலியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெற்றிடத்துக்கும் அதற்கும் இருந்த கட்டு அறுந்தது.

அதன் மதிப்பு ஏன் இவ்வளவு என்பது தனிக் கேள்வி. மகள் ஹம்சாவோடு சேர்ந்து அதற்கும் ஒரு விடை தந்தார். அண்டம் தாங்கும் தகவலுக்கு ஓர் அளவுண்டு, அது 4π என்று எடுத்துக்கொண்டால் மாறிலி சரியாக வருகிறது என்பது அவர்கள் கணக்கு. அந்த 4π எனக்கு இன்னும் முழுதாகச் செரிக்கவில்லை. நிறையப் பேருக்கும் அப்படித்தான்.

தத்துவமா என்கிறீர்கள். பழைய சமன்பாட்டையே வேறு வழியில் தருவதால் புதிதாகச் சோதிக்க அதிகம் இல்லை என்பது உண்மை, அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. ஆனால் மாறிலி மாறாது என்பதில் அவர் கணக்கு மாட்டிக்கொண்டிருக்கிறது. கரும் ஆற்றல் காலத்தோடு மாறக்கூடும் என்று, விண்மீன் மண்டலங்களை வரைபடமாக்கும் டெசி ஆய்வுத் தரவுகள் 2024இலிருந்து ஜாடை காட்டுகின்றன. இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானால் அடி அங்கேதான் விழும். 2021 செப்டம்பரில் புனேயில் அவர் காலமாகிவிட்டார், அந்தத் தரவைப் பார்க்கவில்லை.