கான்ராய்க்காக அழுவது

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் அருப்புக்கோட்டை. இப்போது வேலை அமெரிக்காவின் தென் கரோலினாவில், கொலம்பியாவில். 2016 மார்ச் 4 அன்று அமெரிக்க நாவலாசிரியர் பேட் கான்ராய் காலமானார். எழுபது வயது, கணையப் புற்றுநோய். அதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' எழுதிய ஹார்ப்பர் லீ. லீயின் செய்தியைப் படித்துவிட்டு வழக்கம்போல் வேலைக்குப் போனேன். கான்ராய் செய்தி வந்த இரவு உட்கார்ந்து அழுதேன். மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை.

என் அப்பா தலைமையாசிரியர். அவருடைய ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டாலே வீடு அடங்கிவிடும். பெல்ட்டால் அடிப்பார். இதை யாரிடமும் சொன்னதில்லை. கான்ராயின் 'தி கிரேட் சாண்டினி' நாவலைப் படித்தபோது அது எங்கள் வீடாகவே இருந்தது. நிறைய வாசிக்கும் நண்பர் ஒருவர், "கான்ராய் மிகையுணர்ச்சிக்காரர். அவருக்காக அழுகிறாய் என்றால் உன் வாசிப்பு இன்னும் முதிரவில்லை" என்கிறார். அப்படித்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மிகையுணர்ச்சி உண்டு. 'தி பிரின்ஸ் ஆஃப் டைட்ஸ்' நாவலில் சதுப்பு நிலத்தின் வாசனையைச் சொல்லத் தொடங்கினால் கான்ராய்க்கு நிறுத்த மனம் வராது. நானே சில பத்திகளைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் ஒருவருக்காக அழுவதற்கும் அவருடைய வாக்கியங்களுக்கு மதிப்பெண் போடுவதற்கும் என்ன தொடர்பு?

'சாண்டினி' 1976-ல் வந்தது. அப்பா டான் கான்ராய் மரைன் படையின் போர் விமானி. ஏழு பிள்ளைகளில் பேட் மூத்தவர். ஊர் ஊராக, முகாம் முகாமாக மாறிக்கொண்டே இருந்த குடும்பம். வெளியே மிடுக்கான சீருடை, வீட்டுக்குள் அடி. அப்பா உயிரோடு இருக்கும்போதே அதை நாவலாக்கினார் மகன். அப்பாவழி உறவினர்கள் கொதித்தார்கள். அம்மாவோ அந்த நாவலையே விவாகரத்து வழக்கில் நீதிபதியிடம் சாட்சியமாகக் கொடுத்தார். அப்பா முதலில் ஆத்திரப்பட்டார். பிறகு, மகன் எழுதியது பொய் என்று நிரூபிப்பதற்காகவே நல்லவராக மாறத் தொடங்கினார் என்று கான்ராய் எழுதியிருக்கிறார். மகனின் புத்தக நிகழ்ச்சிகளுக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, நாவலில் வரும் அப்பாவின் பெயரான 'சாண்டினி' என்று கையெழுத்தும் போட்டார். எனக்குத் தெரிந்த இலக்கிய வரலாற்றில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல முடியவில்லை.

எழுதிவிட்டால் எல்லாம் ஆறிவிடும் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். கடைசித் தம்பி டாம் 1994-ல் தற்கொலை செய்துகொண்டார். கான்ராயும் பலமுறை மனமுறிவில் விழுந்து எழுந்தவர். புத்தகத்தால் முடிந்தது வேறொன்று. வீட்டுக்குள் நடப்பதை வெளியே சொல்லலாம், சொன்னால் வானம் இடிந்து விழாது என்று அடிபட்டு வளர்ந்தவர்களுக்கு அது காட்டியது. அவர் கையெழுத்துப் போட உட்கார்ந்தால் வரிசை நகரவே நகராது. வந்தவர்களை அவர் பேசவைப்பார், அவர்களுடைய கதையைக் கேட்பார். இன்று அழுகிறவர்களில் பலர் தங்கள் கதையை அவரிடம் சொன்னவர்கள், அல்லது மனத்துக்குள் சொல்லிக்கொண்டவர்கள். நீங்கள் இரண்டாவது வகை. முதலில் உங்கள் மனைவியிடம் அந்த ஸ்கூட்டர் சத்தத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அழுகைக்கான காரணம் அவருக்கு உடனே புரியும்.

உங்கள் நண்பருக்கு நான் கொடுக்க நினைப்பது 1972-ல் வந்த 'தி வாட்டர் இஸ் வைட்' என்ற அனுபவ நூல். 1969-ல் தென் கரோலினாவின் டஃபஸ்கி தீவில் இருந்த சின்னப் பள்ளிக்கு கான்ராய் ஆசிரியராகப் போனார். அந்தக் கடலோரக் கறுப்பின மக்களின் கலப்பு மொழியான கல்லா பேசும் குழந்தைகள். தங்கள் தீவைச் சுற்றியிருக்கும் கடலின் பெயர்கூட அவர்களுக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கவில்லை. குழந்தைகளை அடிக்க மறுத்தார், நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்றார், ஒரே வருடத்தில் வேலை போயிற்று. அடிவாங்கியே வளர்ந்த இருபத்து நான்கு வயது இளைஞன் கையில் பிரம்பை எடுக்க மறுத்ததை, அவர் எழுதிய எல்லா நாவல்களையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். உரைநடையும் இதில்தான் ஆகச்சிறப்பு. கோபம் அவசரப்படுத்தியதால் அலங்காரத்துக்கு அவருக்கு நேரமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் படித்த சார்ல்ஸ்டனின் சிட்டடெல் ராணுவக் கல்லூரி, அந்தக் கல்லூரியை வைத்து அவர் எழுதி 1980-ல் வந்த 'தி லார்ட்ஸ் ஆஃப் டிசிப்ளின்' நாவலுக்காக இருபது வருடம் அவரோடு பகை பாராட்டியது. சமாதானமான பிறகு, 2001-ல் பட்டமளிப்பு உரையாற்றியபோது அந்த வகுப்பு முழுவதையும் தன் இறுதிச் சடங்குக்கு அழைத்தார். கல்லூரி மோதிரம்தான் நுழைவுச்சீட்டு என்றார். இறுதிச் சடங்கு நடந்த பியூஃபர்ட் தேவாலயத்துக்கு அவர்களில் பலர் மோதிரத்தோடு வந்துவிட்டார்கள். பதினைந்து வருடம் கழித்து!

உங்கள் ஊரிலிருக்கும் தென் கரோலினா பல்கலைக்கழகம் 2014-ல் கான்ராயின் கையெழுத்துப் பிரதிகளை வாங்கியிருக்கிறது. அவர் தட்டச்சு செய்ததில்லை, எல்லாமே மஞ்சள் தாளில் கையால் எழுதியவை. நூலகத்தின் அரிய நூல்கள் பிரிவில் கேட்டுப் பாருங்கள். பார்க்க விட்டால் எனக்கு எழுதுங்கள், சாண்டினியில் எத்தனை அடித்தல் திருத்தல் என்று தெரிந்துகொள்ள ஆசை.